ஹாம்ஸ்ட்ரிங் இரண்டாம் முறை போனால்: கேலிக் ஃபுட்பால் ஆடும் பையனின் அப்பாவுக்கு

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அயர்லாந்தில், கில்டேர் பக்கம் குடியிருக்கிறார். பையனுக்கு 17 வயது. கிளப் அணிக்கும் பள்ளி அணிக்கும், அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் ஃபுட்பால் ஆடுகிறான். ஐந்து வாரத்துக்கு முன்னால் வேகமாக ஓடும்போது தொடைக்குப் பின்னால், ஹாம்ஸ்ட்ரிங் என்கிற பின்தொடைச் சதையில், சுருக்கென்று பிடித்திருக்கிறது. இரண்டு வாரம் ஓய்வு, ஐஸ், கிளப்பில் ஒருவர் எண்ணெய் போட்டு உருவிவிட்டார். வலி சுத்தமாகப் போய்விட்டது. மூன்றாவது வாரம் மேட்சில் இறங்கினான். இருபதாவது நிமிடத்தில் அதே இடம் மறுபடி போய்விட்டது. இப்போது பிசியோதெரபி பார்க்கச் சொல்கிறார்கள். "அங்கேயும் உருவித்தானே விடப்போகிறார்கள்? எத்தனை வாரத்தில் ஆடலாம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்பது கேள்வி.

அண்ணா, நான் பன்னிரண்டு வருஷமாக இங்கே பிசியோ. பகலில் கிளினிக், செவ்வாய் வியாழன் சாயங்காலம் ஒரு கிளப் மைதானம். வந்த புதிதில் இந்த ஆட்டம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஊரில் கபடி ஆடுகிறவர்களின் முட்டியையும் பந்து வீசுகிறவர்களின் தோளையும் பார்த்துப் பழகியவனுக்கு, கையிலும் காலிலும் பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிற இவர்கள் காயம்படும் விதமே வேறாக இருந்தது. அந்த விதம் தெரிந்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் புரியும்.

பக்கத்துக்கு 15 பேர். மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளம், 80 முதல் 90 மீட்டர் அகலம். சாதாரண கால்பந்து மைதானத்தைவிட நன்றாகவே பெரிது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடிக்கு மேல் போகக் கூடாது. தரையில் தட்ட வேண்டும், இல்லையென்றால் காலில் போட்டு நுனிக்காலால் கைக்கே தட்டிவிட வேண்டும். இதற்கு சோலோ என்று பெயர். தொடர்ந்து இரண்டு முறை தரையில் தட்ட அனுமதி இல்லை, அதனால் முழு வேகத்தில் ஓடும்போதும் சோலோ செய்தே ஆக வேண்டும். அந்த ஒரு நொடியைப் பாருங்கள்: இடுப்பு மடங்குகிறது, முட்டி நீள்கிறது, கால் முன்னால் போகிறது. பின்தொடைச் சதை முழு நீளத்துக்கு இழுபடுகிறது. அப்புறம் இன்னொன்று. தரையில் கிடக்கும் பந்தை ஆண்கள் ஆட்டத்தில் நேராகக் கையால் அள்ளக் கூடாது, கால் நுனியைக் கீழே கொடுத்துத் தூக்கித்தான் கைக்கு எடுக்க வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் கையால் எடுக்கலாம். ஓடிவந்த வேகத்தில் குனிந்து இதைச் செய்கிறவனின் ஹாம்ஸ்ட்ரிங் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் ஒரே நேரத்தில் இழுபடுகிறது.

வெறும் ஓட்டத்திலேயே இந்தச் சதைக்கு வேலை அதிகம். காலை முன்னால் வீசி, பாதம் தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பு, முன்னால் பறக்கும் காலுக்கு பிரேக் போடுவது இதுதான். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். கிழிவது பெரும்பாலும் அங்கேதான். அயர்லாந்தின் கவுண்டி அணிகளை, அதாவது மாவட்ட அணிகளை, நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், மொத்தக் காயங்களில் முக்கால் பங்கு இடுப்புக்குக் கீழே. தனியாக ஹாம்ஸ்ட்ரிங் மட்டும் ஏறத்தாழ கால் பங்கு. மேட்சில் 1000 மணி நேர ஆட்டத்துக்கு 60-க்கு மேல் காயங்கள், பயிற்சியில் நான்கு. ஆகவே உங்கள் பையனுக்கு வந்தது அபூர்வமான ஒன்றில்லை. இந்த ஆட்டத்தின் தலையாய காயமே அதுதான், திரும்பத் திரும்ப வருவதும் அதன் குணம்.

இனி அவன் கால். நான் முதலில் பார்க்க விரும்புவது அவன் வயதை. 17 வயதில் உட்காரும் எலும்பில், அதாவது ஹாம்ஸ்ட்ரிங் போய் ஒட்டுகிற இடத்தில், வளர்ச்சித் தட்டு இன்னும் முழுசாக மூடியிருக்காது. பெரியவர்களுக்குச் சதை கிழிகிற அதே இழுப்பில், இந்த வயதுப் பையன்களுக்கு அந்த எலும்புத் துணுக்கே பெயர்ந்துவிடலாம். அவனை ஒரு மர நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். வலி தொடை நடுவில் இருந்தால் சதை. புட்டத்துக்கு அடியில், எலும்பின் மேலேயே குத்தினால், உட்காரவே சிரமப்பட்டால், எதையும் தொடங்குமுன் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர், தயங்கினால் வயதைச் சொல்லிக் கேளுங்கள். அந்த எக்ஸ்ரே பார்க்கும்வரை யாரும் காலைத் தூக்கி இழுத்து ஸ்ட்ரெச் செய்ய விடாதீர்கள். முதுகிலிருந்து நரம்பு வழியாக வரும் வலியும் இதே இடத்தில் காட்டும். அதைப் பிரித்துப் பார்ப்பது பிசியோவின் வேலை, ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சதைதான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் ஓய்வெடுத்தானே, அது ஏன் போதவில்லை? வலியும் வீக்கமும் வற்றுவதற்குப் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாள் போதும். கிழிந்த இடத்தில் உருவாகும் புதுத் திசு வலுவாவது அதற்கு ரொம்பப் பின்னால். அதுவும் சும்மா இருந்தால் வலுவாகாது. அளவாக பாரம் கொடுத்தால்தான் அந்த நார்கள் இழுப்பு வரும் திசையில் அடுக்காக அமையும். அந்த இரண்டு வாரத்தில் உங்கள் பையனுக்கு வலி போயிருக்கிறது, கால் மெலிந்திருக்கிறது, வேகமாக ஓடும் பழக்கம் விட்டிருக்கிறது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நேராக மேட்சுக்குப் போயிருக்கிறான்.

டென்மார்க்கில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2017-இல் வெளியானது. தொடையிலோ கெண்டைக்காலிலோ சதை கிழிந்த 50 அமெச்சூர் விளையாட்டு வீரர்கள். ஒரு குழுவுக்கு இரண்டாம் நாளே பயிற்சி தொடங்கினார்கள், இன்னொரு குழுவுக்கு ஒன்பதாம் நாள். வித்தியாசம் ஒரே ஒரு வாரம். ஆனால் முதல் குழு ஆட்டத்துக்குத் திரும்ப 62 நாள் அளவில் எடுத்தது, இரண்டாவது குழு 83 நாள். ஒரு வாரம் சும்மா இருந்ததற்குக் கொடுத்த விலை மூன்று வாரம். இன்னொன்றையும் கவனியுங்கள்: சீக்கிரம் தொடங்கியவர்களுக்கே இரண்டு மாதம். உங்கள் பையன் முதல் முறை எடுத்துக்கொண்டது இரண்டு வாரம்.

அதனால் இப்போது என்ன? முதல் சில நாள் படுத்தபடி முட்டியை மடித்துக் குதிகாலைத் தரையில் அழுத்திப் பிடிப்பது, இடுப்பைத் தூக்கி நிறுத்துவது, வலி பத்துக்கு இரண்டு மூன்றைத் தாண்டாமல் நடப்பது. இயல்பாக நடக்க முடிந்ததும் மெதுவான ஜாக். அப்புறம் ஒற்றைக் காலில் நின்று இடுப்பிலிருந்து குனிந்து எழுவது, முதலில் வெறும் கையோடு, பிறகு எடையோடு. சதையை நீட்டிக்கொண்டே வேலை வாங்கும் பயிற்சிகள்தான் முக்கியம். ஸ்வீடனில் கால்பந்து வீரர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்ததில், அப்படி நீட்டிச் செய்தவர்கள் சராசரி 28 நாளில் திரும்பினார்கள், வழக்கமான பயிற்சி செய்தவர்கள் 51 நாளில். கடைசியில் நோர்டிக். மண்டியிட்டு, நண்பன் ஒருவன் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பைப் பலகை மாதிரி வைத்து மெல்ல முன்னால் சாய்வது. மறுநாள் மாடிப்படி இறங்கும்போது திட்டுவான், பரவாயில்லை. ஒழுங்காகச் செய்துவந்த அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருக்கின்றன. மெஷின் வேண்டாம், பணம் வேண்டாம். ஆனாலும் பாதிப் பேர் செய்வதில்லை, காரணம் அது போரடிக்கும், வலிக்கும்.

உருவிவிடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். நானும் உருவிவிடுகிறேன். இறுக்கம் கொஞ்சம் தளரும், பையன் தைரியமாகக் காலை அசைப்பான். ஊசி குத்தும் ட்ரை நீட்லிங்கும் அதே வகைதான். முப்பது நிமிட சந்திப்பில் இதற்கு ஐந்து நிமிடம் போனால் சரி. இருபத்தைந்து நிமிடம் மேஜையில் படுக்கவைத்துவிட்டு "அடுத்த வாரம் வா" என்று அனுப்புகிறவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

இதுவரை சொன்னதைப் பெரும்பாலும் எல்லாரும் செய்கிறார்கள். கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில்தான்: ஓட்டம். என் மைதானத்தில் நான் செய்வதைச் சொல்கிறேன். நவம்பர் மாதம், ஏழரை மணி, ஃபிளட்லைட் வெளிச்சத்தில் சாய்ந்தடிக்கும் தூறல். மற்றவர்கள் பயிற்சி செய்துகொண்டிருக்க, ஓரமாக இரண்டு கோன், கையில் ஸ்டாப்வாட்ச். பையன் 20 மீட்டர் ஓடிவந்து வேகம் எடுத்தபின் அடுத்த 30 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுப்பேன். காயத்துக்கு முன் அவன் அதை 3.8 நொடியில் ஓடியவன் என்றால், 70 சதவீத வேகம் என்பது சுமார் 5.4 நொடி. 90 சதவீதம் 4.2. முதல் நாள் ஆறு ஓட்டம், எல்லாம் 5.4-இல். மறுநாள் காலை இறுக்கமோ வலியோ இல்லையென்றால் அடுத்த முறை ஒரு படி மேலே. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான்.

ஸ்டாப்வாட்ச் எதற்கு என்றால், இந்த ஊர்ப் பையன்கள் எதைக் கேட்டாலும் "கிராண்ட்" என்பார்கள், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கால் எப்படி இருக்கிறது? கிராண்ட். நொண்டுகிறாயே? இல்லை, கிராண்ட். கை உடைந்து தொங்கினாலும் கிராண்ட்தான். உங்கள் பையன் இங்கேயே வளர்ந்தவன், அவனும் அதைத்தான் சொல்வான். வாய் சொல்வதை நான் குறித்துக்கொள்வதில்லை, வாட்ச் சொல்வதைத்தான் எழுதுகிறேன். முழு வேகத்தில் ஓடுவதாக அவனே நம்புவான். பார்த்தால் 82 சதவீதத்தில் நிற்கும். மனசு பிரேக் போடுகிறது.

நேர் ஓட்டம் 90-ஐத் தாண்டியபின் பந்தைக் கொடுப்பேன். முதலில் பாதி வேகத்தில் சோலோ, பிறகு முக்கால். அப்புறம் ஓடிவந்து கால் நுனியால் பந்தைத் தூக்குவது. மூச்சு வாங்கும் நிலையில் அதையே மறுபடி பத்து முறை. காயம்பட்டதே இந்த அசைவில் என்றால், அதைச் செய்யாமல் "குணமாகிவிட்டது" என்று கையெழுத்துப் போட எனக்கு மனசு வராது. பிறகு எதிராளியோடு தோள் மோதல், முழு அணியோடு குறைந்தது ஒரு வாரமாவது முழுப் பயிற்சி. அதற்குப் பின்தான் மேட்ச், அதுவும் கடைசி 20 நிமிடம். அடுத்த மேட்சில் பாதி நேரம்.

வாரக் கணக்கு கேட்டீர்களே, என்னிடம் இருக்கும் கணக்கு இதுதான். படுத்துக்கொண்டு, குதிகாலை ஒரு பெட்டியில் வைத்து ஒற்றைக் காலால் இடுப்பைத் தூக்கினால் 25-க்கு மேல் வர வேண்டும், இரண்டு காலுக்கும் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். மல்லாந்து படுத்து நேர்க்காலை வேகமாக மேலே வீசினால் வலியும் கூடாது, "போய்விடுமோ" என்ற பயமும் கூடாது. 30 மீட்டர் நேரம் பழைய நேரத்தைத் தொட வேண்டும், ஒருமுறை தொட்டால் போதாது, இரண்டு மூன்று நாள் தொட வேண்டும். இது ஐந்து வாரத்தில் நடந்தால் ஐந்து வாரம், பத்து வாரம் ஆனால் பத்து. இரண்டாம் முறை கிழிந்தது முதல் முறையைவிடப் பெரும்பாலும் அதிக நாள் எடுக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனில் நடுத் தசைநாணே கிழிந்திருப்பதாக வந்தால் இன்னும் நீளும்.

நானே இதில் தப்புச் செய்திருக்கிறேன். ஒரு கவுண்டி கிளப் இறுதிப் போட்டி. எங்கள் மிட்ஃபீல்டருக்குக் கால் 90 வந்திருந்தது, 100 வரவில்லை. மேனேஜர் பார்த்தார், பையன் பார்த்தான், அவன் அம்மாகூட வந்து பார்த்தார். சரி என்று தலையாட்டினேன். பதினோராவது நிமிடத்தில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பை எடுத்துக்கொண்டு ஓடும்போது அந்த நாற்பது மீட்டர் எனக்கு முடியவே இல்லை. இறுதிப் போட்டி என்பதெல்லாம் சதைக்குத் தெரியாது.

சரி, உங்கள் பையன் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது கால்கூட இல்லை, எத்தனை அணி என்பதுதான். கிளப், பள்ளி இரண்டுக்கும் ஆடுகிறான். நன்றாக ஆடுகிற பையன் என்றால் நாளைக்கு கவுண்டியின் இளையோர் அணியான மைனர் தேர்வுக்கும் கூப்பிடுவார்கள். கல்லூரிக்குப் போனால் அங்கே ஓர் அணி. ஒவ்வொரு பயிற்சியாளரும் நியாயமானவர்தான், தன் அணியின் இரண்டு பயிற்சியை மட்டும் கணக்கில் வைக்கிறார். பையனுக்கு வாரத்தில் ஆறு நாள் ஆகிவிடுகிறது. இந்த ஆட்டத்தை நடத்தும் சங்கமான ஜி.ஏ.ஏ. 1884-இல் தர்லஸ் ஊரில் தொடங்கியதிலிருந்து இன்றுவரை அமெச்சூர் அமைப்பு. டப்ளினில் உள்ள அதன் பெரிய மைதானமான குரோக் பார்க்கில் 82,000 பேருக்கு முன்னால் ஆடுகிறவனும் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறான். மொத்தச் சுமையைக் கணக்குப் பார்க்க சம்பளம் வாங்கும் ஆள் யாரும் கிளப் மட்டத்தில் இல்லை. ஆகவே அந்த வேலை உங்களுடையது அண்ணா. ஒரு நோட்டு வாங்கி, எந்த நாள், எந்த அணி, எத்தனை நிமிடம், பத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று எழுதுங்கள். நிமிடத்தையும் கஷ்டத்தையும் பெருக்கினால் ஒரு எண் வரும். அந்த வாரத் தொகை திடீரென்று ஒன்றரை மடங்கு எகிறினால் அவனை ஒரு பயிற்சியிலிருந்து நிறுத்துங்கள். நோட்டைக் காட்டினால் பயிற்சியாளர்கள் கேட்பார்கள், சும்மா சொன்னால் கேட்க மாட்டார்கள்.

வார்ம்-அப்புக்கு ஜி.ஏ.ஏ.-யே 'ஜி.ஏ.ஏ. 15' என்று ஒரு பதினைந்து நிமிடத் திட்டம் வைத்திருக்கிறது. ஓட்டம், குதித்து இறங்குவது, சமநிலை, நோர்டிக் எல்லாம் அதில் உண்டு. உங்கள் கிளப்பில் அதைச் செய்கிறார்களா என்று போய்ப் பாருங்கள். பல இடங்களில் இரண்டு சுற்று ஓடி, குனிந்து காலைத் தொட்டுவிட்டு ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மற்ற காயங்களையும் சிலர் கேட்டிருந்தார்கள். முட்டி ஜவ்வு, அதாவது ஏ.சி.எல்., எண்ணிக்கையில் குறைவு, நாள் கணக்கில் பெரிது. 2025-இல் வந்த புது விதிகளின்படி கோல்கீப்பர் கிக்-அவுட்டை, அதாவது கோல் பக்கமிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதையை, 40 மீட்டர் வளைவைத் தாண்டி அடிக்க வேண்டும். அதனால் நடுக்களத்தில் எம்பிப் பிடிப்பது கூடியிருக்கிறது. எம்பியவன் ஒற்றைக் காலில் கோணலாக இறங்கும்போதும், வேகமாக ஓடிவந்து திடீரென்று திரும்பும்போதும் ஜவ்வு போகும். பெரும்பாலும் யாரும் மோதியே இருக்க மாட்டார்கள். பெண்களுக்கு இதன் ஆபத்து இன்னும் அதிகம், மகள் ஆடுகிறவர்கள் குதித்து இறங்கும் பயிற்சியை விடவே கூடாது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதத்துக்கு முன்னால் திரும்புவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நார்வே ஆய்வு ஒன்றில், அந்த ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதி பாதியாகக் குறைந்தது. கெர்ரி கவுண்டி அணியின் ஆட்டக்காரர் கொல்ம் கூப்பரை இங்கே எல்லாருக்கும் தெரியும். 2014 பிப்ரவரியில் கிளப் அரையிறுதியில் ஜவ்வு கிழிந்து முட்டிச்சில்லும் உடைந்தது. அந்த வருஷம் கெர்ரி அவர் ஆடாமலேயே அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. அவர் 2015-இல் திரும்பினார், 2017 கிளப் இறுதிப் போட்டியில் கோலே போட்டார். அவசரப்படுகிற பையன்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

தொடையிடுக்கு வலி இந்த ஆட்டத்தின் பழைய சாபம். உடம்புக்குக் குறுக்கே உதைப்பதும் வெட்டித் திரும்புவதும் காரணம். முன்பெல்லாம் மாதக் கணக்கில் ஓய்வு கொடுப்பார்கள், இல்லையென்றால் கத்தி. டப்ளின் சாண்ட்ரியில் உள்ள ஸ்போர்ட்ஸ் சர்ஜரி கிளினிக்கில் 205 பேருக்கு, திரும்பும்போது இடுப்பையும் நடு உடம்பையும் கட்டுப்படுத்தும் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 73 சதவீதம் பேர் சராசரி பத்து வாரத்தில் வலியில்லாமல் திரும்பினார்கள். கத்தி வைக்குமுன் இந்தப் பத்து வாரத்தைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

விரல் காயத்தை யாரும் காயமாகவே நினைப்பதில்லை. பந்து நுனியில் பட்டு விரலின் கடைசிக் கணு தொங்கினால், அதை நேராக ஸ்ப்ளின்ட் போட்டு ஆறு முதல் எட்டு வாரம் ஒரு நொடிகூட மடக்காமல் வைக்க வேண்டும். குளிக்கும்போது கழற்றி ஒருமுறை மடக்கிவிட்டால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. தலையில் அடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மறுபேச்சு இல்லை. 18-க்குக் கீழே உள்ளவர்களை இன்னும் மெதுவாகத்தான் திரும்ப விட வேண்டும்.

யாரிடம் போவது? அயர்லாந்தில் பிசியோதெரபிஸ்ட் என்று போட்டுக்கொள்ள கோரு என்ற அமைப்பில் பதிவு வேண்டும். பெயரைப் போட்டு இணையத்தில் பார்த்துவிடலாம். தனியார் பிசியோவுக்கு ஜி.பி. கடிதம் தேவையில்லை. கேலிக் ஃபுட்பால் பார்த்தவரா, ஓட்டத்தைத் தானே நின்று பார்ப்பாரா என்று போனிலேயே கேளுங்கள். செலவில் ஒரு பகுதி ஜி.ஏ.ஏ.-யின் இன்ஜூரி பெனிஃபிட் ஃபண்டிலிருந்து கிடைக்கக்கூடும். இது இன்ஷூரன்ஸ் மாதிரி முழுசாகக் கொடுக்காது, அதற்கும் கிளப் அவனை உறுப்பினராகப் பதிந்திருக்க வேண்டும், காயத்தைக் காலத்தில் தெரிவித்திருக்க வேண்டும். கிளப் செயலாளருக்கு இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள், இரண்டு காயத்தின் தேதியையும் எழுதுங்கள்.

மர நாற்காலி சோதனையை இன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையிலேயே செய்யலாம். எலும்பில் வலி இல்லை என்றால் முட்டியை மடித்துக் குதிகாலை அழுத்துவதை நாளைக் காலையே தொடங்கட்டும், பத்து நொடி பிடித்து, ஐந்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அவனுடைய பழைய ஓட்ட நேரம் பள்ளியிலோ கிளப்பிலோ யாரிடமாவது இருக்கிறதா என்றும் விசாரித்து வையுங்கள், பின்னால் அது தேவைப்படும்.